வாசல் பலகையில் ஒரு காலி இடம்

கல் உப்பை அப்படியே போட்டுப் பிசைந்ததுதான் தவறு. இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு உப்பு என்பது நினைவிருந்தது. என் மனைவி பொம்மை மாவுக்கென்று தூள் உப்பைத் தனியாக வாங்கி வைப்பாள் என்பதை மறந்துவிட்டேன். மகன் பொம்மைக்கு உருட்டிய தலை பரல் பரலாக, அம்மை கண்ட முகம்போல இருந்தது. அவனுக்கு அம்மை வந்ததே இல்லை. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டு, உப்பை மிக்சியில் அரைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

எங்கள் வாசல் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. உப்பு மாவில் எங்கள் நால்வரையும் செய்து அவள் ஒட்டியது. கோட்டுப் போட்ட நான், பூத்தொட்டியோடு அவள், ரிப்பன் கட்டிய மகள், புத்தகப் பையோடு எட்டு வயது மகன். அவன் வளர்ந்து, எங்களைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, அவன் உருவத்தை நான்தான் கத்தியால் பெயர்த்தேன். ஈரத்தில் விழுந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். சாகும்வரை அவள் வேறொன்று செய்து ஒட்டவில்லை.

ஏழு வருடம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியோடு வருவதாக மகன் போன் செய்திருந்தான். வாசலில் நின்றதும் அவன் கண்ணில் படப்போவது அந்தக் காலி இடம்தான். எங்கள் குடும்பத்தில் அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இடத்தை நிரப்பிவிட்டால் கேட்க வேண்டியதும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, காலர் மாற்றிய என் சட்டையோடு வந்தாள்.

“என்ன சார், ரொட்டியா? யாராச்சும் வர்றாங்களா?”

“பையன் வர்றான்மா.”

உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு துளி கிள்ளி வாயில் போட்டவளுக்கு முகம் கோணிவிட்டது.

“அய்யய்யோ! வர்ற பிள்ளை மேல அப்படி என்ன சார் கோபம்?”

சட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

பலகையில் எட்டு வயதுப் பையனுக்குத்தான் இடம் இருந்தது. பையை எந்தத் தோளில் மாட்டுவான் என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. ஓவனில் இளஞ்சூட்டில் நான்கு மணி நேரம் காயவைத்து ஒட்டினேன். மருமகளை நான் பார்த்ததில்லை. பார்த்தபின் செய்துகொள்ளலாம் என்று மிச்ச மாவை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.

சனிக்கிழமை மாலை போன் வந்தது.

“அப்பா, நாங்க ஹோட்டல்லயே தங்கிக்கிறோம். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?”

“உன் இஷ்டம்.”

போனை வைக்கப் போனேன்.

“அம்மா செஞ்ச பலகை இருக்காப்பா?”

“இருக்கு.”

“முழுசாவா?”

“எல்லாரும் இருக்காங்க.”

“சரிப்பா. முடிஞ்சா வந்து பாக்கறோம்.”

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பழுப்பேறிப்போன மூவர் நடுவே அவன் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றான். சமையலறையில் துணி ஓரம் காய்ந்திருந்தது. குழாயில் நனைத்துப் பிழிந்து, மாவை மறுபடி சுற்றினேன்.