அப்பா சொன்ன பக்கம்

அம்மா இறந்த முப்பதாம் நாள் மத்தியானம், அம்மாவின் கல்வெட்டை என் கையாலேயே அழித்தேன். 1999-ம் வருஷம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்த எங்கள் வீடுகளில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கின் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அதற்குப் பெயர் கல்வெட்டு. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, சொந்தங்களின் புலம்பல் எல்லாம் இருக்கும். அதில் ஒரு பக்கம் அப்பாவுடையது. அப்பா நாகநாதன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். அம்மா வள்ளிநாயகியைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்று, ஜன்னலைப் பார்த்தபடி, "எழுது தம்பி" என்றார். நிறுத்தாமல் சொன்னார். நான் தட்டிக்கொண்டே அழுதேன்.

எங்கள் பேட்டை ஜெலுத்தோங்கில் நகல் கடை வைத்திருக்கும் ஹனீபா அப்போதே சொன்னான்: "டிஸ்கெட்ல ஒரு காப்பி எங்கிட்ட குடுத்து வைங்கண்ணே. உங்க லினக்ஸை நம்ப முடியாதுலா."

அப்பாவின் அக்கா நல்லம்மா மாமி தீட்டு என்று விடவில்லை. "துடக்கு வீட்டுச் சாமான் முப்பத்தோராம் நாளுக்கு முன்னால வெளிய போகக் கூடாது."

வீட்டிலேயே கிடக்கப் போகிற டிஸ்கெட்டில் எதற்குக் காப்பி என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். இத்தனைக்கும் ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் பேக்கப் எடு என்று உபதேசம் செய்கிறவன் நான்.

எல்லாம் தயார். அம்மாவின் படம் மட்டும் திரையில் பதினாறே நிறத்தில், முகமெல்லாம் பச்சைத் திட்டாகத் தெரிந்தது. அச்சில் எப்படியும் கறுப்பு வெள்ளைதான். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் மையம்தான் கெர்னல்; புதிதாக வந்த கெர்னலில் என் கிராபிக்ஸ் கார்டுக்கு முழு நிறம் காட்டும் டிரைவர் இருந்தது. கை சும்மா இருக்குமா? இரண்டு மணி நேரம் கம்பைல் செய்து, பழைய கெர்னலின் மேலேயே புதியதை எழுதினேன். பழையதை வேறு பெயரில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மறுபடி ஆன் செய்தபோது திரை கறுப்பு. உள்ளே டிஸ்க் ஓடும் சத்தம் கேட்டது, ஓர் எழுத்தும் வரவில்லை. கண் தெரியாதவன் போல் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கிளப்ப அவசரத்துக்கு வைத்திருந்த பூட் டிஸ்கெட்டில் பூஞ்சை. கடைசியில் சிடியைப் போட்டு லினக்ஸை முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினேன். டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஆம் என்று தட்டினேன். தட்டிய விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வாழ்க்கை வரலாற்றைத் திரும்ப எழுதிவிடலாம். அப்பாவின் பக்கத்தை என்ன செய்வது? அவரிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. நினைவில் இருந்ததைச் சேர்த்து, மிச்சத்தை நானே நிரப்பினேன். மறுநாள் காலை ஹனீபா நூறு பிரதி எடுத்துக் கொடுத்தான்.

சாப்பாடு முடிந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பக்கத்தை வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கே தம்பி," என்றார். "ஆனா இது நான் சொன்னது இல்லை."

நடந்ததை அப்போதுதான் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா, எழுதிக்கிறேன்," என்று கெஞ்சினேன்.

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார்.

"நீ எழுதி வச்சிட்டேன்னுதானே நான் மனசுல இருந்து விட்டுட்டேன்," என்றார். "இப்ப வர மாட்டேங்குது."