பச்சையில் மட்டும் நடந்தவர்கள்

புதன்கிழமை என்றால் நெலிதாவுக்கு நடை நாள். புவெனஸ் ஐரிஸ் பாராளுமன்றத்துக்கு முன்னால், நடந்து போகிறவர்களுக்குப் பச்சை விழுந்ததும் ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லி முப்பது கிழங்கட்டைகள் சாலையைக் கடப்பார்கள். சிவப்பு விழுந்தால் நடைபாதையில் ஏறி நிற்பார்கள். மறுபடி பச்சை, மறுபடி இந்தப் பக்கம். சாலையை மறிப்பவர்களை இழுத்துப் போகலாம் என்று புது அதிபர் ஆணை போட்டிருந்தார். பச்சையில் நடப்பவளை எந்தச் சட்டம் பிடிக்கும்?

நாற்பது வருடம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வெந்தவள் அவள். இலவசமாக வந்துகொண்டிருந்த இதய மாத்திரையை, நாடு சிக்கனமாக இருக்க வேண்டும் என்று அதிபர் வெட்டினார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்குகிறாள். இவர்கள் சிக்கனத்துக்கு இளைத்தவன் நெஞ்சுதானா கிடைத்தது!

ஓய்வூதியத்தை உயர்த்தும் மசோதாவையும் அதிபர் தள்ளிவிட்டார். அவர் மறுப்பை மீறி அதை நிறைவேற்ற அன்று உள்ளே வாக்கெடுப்பு. எதிர்க்கட்சி உறுப்பினன் லெஸ்கானோ அவள் பேட்டைக்காரன், அவள் பரிமாறிய பள்ளிச் சோற்றில் வளர்ந்தவன். போன புதன் கேமராக்கள் பார்க்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "என் ஓட்டு உங்களுக்குத்தாம்மா" என்றான்.

ரேடியோவைக் காதில் வைத்திருந்த பழைய ரயில்வேக்காரர் ஓஸ்வால்டோவின் முகம் கறுத்தது.

"போச்சு நெலிதா. ஒரே ஓட்டுல போச்சு."

"யாரு கவுத்தது?"

"லெஸ்கானோ. ஓட்டுப் போடுற நேரத்துல எந்திரிச்சு வெளியே போயிட்டானாம்."

"பாவி! எதிர்த்துப் போட்டிருந்தாக்கூட ஒரு தைரியம்னு சொல்லியிருப்பேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதிபராவது கத்தியைக் காட்டிவிட்டு வெட்டினார். இவன் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன்.

பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள். நிறுத்தக் கோட்டருகே நின்ற கறுப்புக் காரின் பின்சீட்டில் லெஸ்கானோ, போனில் தலை கவிழ்த்தபடி இருந்தான். நெலிதா காருக்கு முன்னால் நின்றுவிட்டாள். சிவப்பு விழுந்தது. ஹாரன்கள் அலறின.

போலீஸ்காரன் கேடயத்தோடு ஓடி வந்தான். "அம்மா, சிவப்பு விழுந்துருச்சு, நகருங்க."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுதான் கெட்டுப்போச்சு."

லெஸ்கானோ கண்ணாடியை இறக்கினான். "நெலிதாம்மா, கட்சி மேலிடத்துல சொல்லிட்டாங்க. என் நிலைமையைப் புரிஞ்சுக்குங்க."

"ஏன்டா, உன் நிலைமையும் நாள் விட்டு நாள்தான் மாத்திரை திங்குதா?"

போலீஸ்காரன் அவள் கையை முறுக்கிப் பிடித்தான். எதிர் நடைபாதையில் ஏறிவிட்டிருந்த ஓஸ்வால்டோ விளக்கைப் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றிச் சாலையில் இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். விளக்கு சிவப்பாகவே இருந்தது.