சாம்சுந்தர் பார்க்காத முத்திரை

சாம்சுந்தர் இறந்த பத்தாம் நாள் அவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. நீள்சதுரமான அலுமினிய டப்பா, மடக்குக் கைப்பிடி. "சார், இது யார் செஞ்சது, எந்த வருஷம்?" என்று சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவர் மனைவி ஜெனிட்டா அதை அழிக்கப் போனாள். கை வரவில்லை.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடிக்கிற வேலை சாம்சுந்தருக்கு. நிறம் மயிரிழை விலகினாலும் பிடித்துவிடுகிற கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக இன்னொரு காரியமும் செய்துவந்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் சாப்பிட்ட மெஸ் டின்களைச் சேகரிக்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். டின்னின் கைப்பிடியில் ஓர் அம்புக்குறி, செய்த கம்பெனியின் எழுத்துகள், வருஷம் எல்லாம் குத்தியிருக்கும். அவர்கள் அனுப்புகிற படத்தில் தேய்ந்துபோன அந்த முத்திரையைப் படித்து, செய்தவர் யாரென்று சாம்சுந்தர் சொல்வார். "சாம் சார் சொன்னா சரி" என்பது சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் வழக்கமான பேச்சு.

பிப்ரவரியில் லேபிள் கட்டுகளை இறக்க ஒரு பட்டாசு ஆலைக்குப் போனார். பைக்கை வெளியே நிறுத்திவிட்டுக் கையெழுத்து வாங்க உள்ளே போன நேரத்தில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஆறு பேர் அங்கே வேலை பார்த்தவர்கள்.

சேலத்துப் படம் வந்த அன்று ஜெனிட்டா அவருடைய நோட்டை எடுத்தாள். வீணான லேபிள் தாள்களைத் தைத்து அவரே கட்டியது. ஒரு பக்கம் மயிலும் ராக்கெட்டும், மறுபக்கம் பென்சிலில் வரைந்த முத்திரைகள். சேலத்துக்காரர் அனுப்பிய படத்தில் இருந்த எழுத்துகள் நோட்டிலும் இருந்தன. "கல்கத்தாவுல செஞ்சது. 1943. சாம்பல் போட்டுத் தேய்ச்சிராதீங்க" என்று சாம்சுந்தர் எழுதுகிற மாதிரியே எழுதினாள். "நன்றி சாம் சார்" என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அப்புறம் வாரம் இரண்டு மூன்று படங்கள். பாளையங்கோட்டையில் படிக்கும் மகள் ஜாஸ்பின் விடுமுறைக்கு வந்தபோது பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, அப்பா பேர்ல நீங்க எதுக்குப் பதில் போடுறீக?"

"கேக்குறாகல்ல. பதில் சொல்லாம எப்படி இருக்க?"

மே மாதம் கோயம்புத்தூர் மகேஷ்குமார் ஒரு டின்னின் படம் அனுப்பினார். நேரில் பார்க்காமலே சாம்சுந்தரோடு பத்து வருஷம் பழகிய மனிதர். முத்திரையில் வருஷத்தின் கடைசி இலக்கம் தேய்ந்திருந்தது. 1944 என்று ஜெனிட்டா சொன்னாள். அவர் அதைப் பெருமையாகக் குழுவில் போட்டார்.

மறுநாள் ஒருவர் எழுதினார்: "கைப்பிடியில ஒரே ஒரு ஆணிதான் இருக்கு. போர்க்கால டின்னுக்கு ரெண்டு. இது 1949, போலீசுக்குச் செஞ்சது. சாம் சாருக்குக் கண்ணு மங்கிருச்சு போல." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நோட்டைப் புரட்டினாள். அந்த முத்திரை வரைந்திருந்த பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், "ஆணியை எண்ணணும்" என்று இருந்தது. அவள்தான் கவனிக்கவில்லை. சாவைத் தாங்கிக்கொண்டவளுக்கு இது தாங்கவில்லை. உயிரோடு இருந்த வரைக்கும் ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

வேலைக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றபடி குழுவில் எழுதினாள்: "இதைப் பார்த்தது சாம்சுந்தர் இல்லை. நான் அவர் மனைவி ஜெனிட்டா. அவர் பிப்ரவரியில் இறந்துவிட்டார். தப்பு என்னுடையது. அவர் பார்த்திருந்தால் ஆணியை எண்ணியிருப்பார்."

'இறந்துவிட்டார்' என்ற சொல்லை மூன்று தடவை அழித்து எழுதினாள். அதுவரை அதை யாரிடமும் அவள் சொல்ல நேர்ந்ததில்லை. சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

ஐந்து நிமிஷத்தில் மகேஷ்குமார் அழைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களேம்மா. நாம்பாட்டுக்கு டின்னு டின்னுன்னு அனுப்பிட்டே இருந்தனுங்களே."

"நீங்க கேட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் அவுக இருக்காகன்னு இருந்துச்சு சார்."

"கடைசியா அவருகூடப் பேச முடிஞ்சுதுங்களா?"

ஜெனிட்டா நர்ஸ். அவள் சொன்னாள்: "வெடிச்ச அன்னைக்குத் தீக்காய வார்டுல டியூட்டி எனக்குத்தான் சார். மூணாவது கட்டில்ல கிடந்தவருக்கு நாந்தான் ட்ரிப் போட்டேன். கையில நரம்பு கிடைக்கல, கால்ல போட்டேன். முகம் தெரியல. பேர் தெரியாத ஆண், வயசு அம்பது இருக்கும்னு நோட்டுல எழுதுனேன். அவுகளுக்கு நாப்பத்தாறுதான். பெறகு போலீஸ்காரக வந்து, ஆலைக்கு வெளிய நின்ன பைக் நம்பரச் சொல்லி, இது யாருதுன்னு தெரியுமான்னு கேட்டாக. எங்க வீட்டு பைக்கு."

அந்தப் பக்கம் மகேஷ்குமார் அழுகிற சத்தம் கேட்டது. "பஸ் வந்துருச்சு, வைக்கேன் சார்" என்று சொல்லி ஏறினாள்.

கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று இரண்டு தடவை கேட்டார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் சீருடையைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குத்தான் போவாக, டிக்கெட் குடுங்க" என்றாள்.

அதன்பிறகு யாரும் படம் அனுப்பவில்லை. துக்க வீட்டில் டின்னைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். ஆகஸ்ட் வரைக்கும் அவருடைய போனுக்கு ரீசார்ஜ் செய்து பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.