மணிக்கட்டில் ஒரு தடம்

முகம் கழுவும்போதுதான் மறுபடியும் அதைக் கவனித்தாள். இடது மணிக்கட்டில் சதுரமாக ஒரு சிவந்த தடம். வளையல் அழுத்தியிருந்தால் வளைவாக அல்லவா இருக்கும்? தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

கொஞ்ச நாளாகவே வீட்டில் ஏதோ சரியில்லை. காலையில் எழுந்தால் கட்டிலில் கணவன் பக்கத்து விரிப்பு கசங்காமல் கிடக்கும். கேட்டால், "நான் புரளாம படுக்கிற ஆளு" என்பான். தையல் கடையில் பக்கத்து மிஷின்காரி, "தூங்காத ஆம்பளைக்கு ரெண்டே காரணம்டி. வயிறு சரியில்ல, இல்லேன்னா மனசு சரியில்ல. வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். வயிறு நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவனுடைய சட்டைகளை முகர்ந்து பார்த்தாள். அட்டைப்பெட்டி வாசனை மட்டும்தான். அதுவே சந்தேகமாக இருந்தது.

அவன் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். ஓட்டுநர்களின் கையில் கட்ட நிர்வாகம் ஒரு பட்டை கொடுத்திருந்தது. அது தூக்கம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் அளந்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். சரியாகத் தூங்காதவனுக்கு வண்டி கிடையாது. பெட்டி ஒட்டத்தான் போகவேண்டும். அவனுக்கோ 'நல்ல உறக்கம்' என்று பாராட்டே வந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு அதை அவளிடம் காட்டியிருந்தான்.

மேசையில் இருந்த அவன் போன் அடித்தது. திரையில் 'நர்ஸ்' என்றிருந்தது. எந்த நர்ஸ்? அவன் குளித்துக்கொண்டிருந்தான். எடுத்தாள்.

"கிடங்கிலேர்ந்து பேசறேன். ராத்திரி சாரோட ஹார்ட் பீட் ரெண்டு மூணு தடவை தாறுமாறா போயிருக்கு. டாக்டரைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

குளியலறைக் கதவைத் தட்டினாள். "என்னங்க! வெளிய வாங்க. உங்க இதயத்துல ஏதோ கோளாறாம்!"

காதில் சோப்பு நுரையோடு வந்தவன் விஷயத்தைக் கேட்டதும் தன் நெஞ்சைத் தொடவில்லை. அவள் கையைத்தான் பிடித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"உனக்கு மூச்சு வாங்குதா? படி ஏறினா நெஞ்சு அடைக்குதா?"

"எனக்கெதுக்குங்க?"

அவன் கட்டைவிரல் அந்தச் சதுரத் தடத்தின் மேல் நின்றது. அவளுக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா என் கையில கட்டறீங்க?"

"கண்ணை மூடினா கிடங்கு ஸ்கேனர் சத்தம் காதுக்குள்ள அடிச்சிட்டே இருக்கு. வண்டியை ஒரு தடவை பிடுங்கினா திருப்பித் தரமாட்டாங்க. நீதான் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டியே."

"தூங்காமயே ஓட்டினீங்களா? ஆளுங்க நடமாடற இடத்துல?"

தலை குனிந்தான்.

"நேத்து ராத்திரி முழுக்க என் கையிலதான் இருந்துதா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம் நானும் கட்டியிருந்தேன்."

அவன் கண்களைப் பார்த்தாள். உண்மையா, தன்னைத் தேற்றச் சொல்கிறானா? இத்தனை நாள் பக்கத்தில் படுத்தும் கண்டுபிடிக்காதவளுக்கு இப்போது மட்டும் தெரிந்துவிடுமா?

போன் மறுபடியும் அடித்தது. நர்ஸ். உண்மையைச் சொன்னால் அவனுக்கு வண்டி போகும். சொல்லாவிட்டால், எந்த இதயத்தை டாக்டரிடம் காட்டுவது?

மேசையில் கிடந்த பட்டையின் அடியில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று தோலைத் தேடிக்கொண்டிருந்தது. அவன் விரல் இன்னும் அவள் நாடியை விடவில்லை. அவளும் மெல்ல அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். போன் அடித்துக்கொண்டே இருக்க, உதடு அசைய இருவரும் எண்ணத் தொடங்கினார்கள்.