தண்ணி ஓடாத குழாய்

குழாய் வேலை செய்கிறவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அதிலும் 'லீக்கு' என்று பேர் வாங்கியவனை ஆஸ்பத்திரி ஸ்டூலில் ஐந்து நாள் உட்காரவைத்தால் என்ன ஆகும்? வார்டில் இருந்த மூன்று வாஷ்பேசினையும் கழற்றி மாட்டிவிட்டான். யாரும் கேட்கவில்லை. ஒழுகாத ஒன்றையும் சேர்த்துத்தான் கழற்றினான். கை ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. நின்றால் பயம் வந்துவிடும்.

பயப்படக் காரணம் இருந்தது. குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆன அவன் மனைவிக்கு முதல் மூன்று நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நாலாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் நூற்றிரண்டு. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், தையலை அமுக்கிப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. வயிற்று ஸ்கேனில் மட்டும் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறதாம். சீழாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம்.

"பதினோரு மணிக்கு மறுபடி திறந்து பார்த்துடலாம்," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனபோது மணி ஒன்பது.

"என்னங்க, மறுபடியும் வயித்தைக் கிழிப்பாங்களா?" என்றாள் மனைவி. "எனக்குத் தெம்பில்லைங்க. இந்தத் தடவை உள்ள போனா திரும்பி வருவேனான்னே தெரியலை."

"வாயைக் கழுவு!" என்று அதட்டினான். அதட்டிய சூட்டோடு வராந்தாவுக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாடிக்கையாக இவனை வேலைக்குக் கூப்பிடுகிற வீட்டுக்காரம்மா ஒருத்தி.

"தண்ணியில நாத்தம் தாங்கலைப்பா. தொட்டியை ரெண்டு தடவை கழுவியாச்சு, ஃபில்டரும் புதுசு போட்டாச்சு. எங்கேயிருந்து வருதுன்னே தெரியலை. சுவரை இடிச்சுப் பார்த்துடலாம்னு கொத்தனார் சொல்றாரு."

சுவர் என்றதும் லீக்குக்கு உயிர் வந்துவிட்டது. ஐந்து நாளில் அவனுக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"இடிக்காதீங்கம்மா! மாடியில பழைய பாத்ரூமை மூடினீங்களே, அதுக்குப் போற பைப்பை என்ன பண்ணீங்க?"

"அதுக்கு மூடி போட்டு வச்சிருக்கு. எப்பவாவது தேவைப்படுமேன்னு விட்டுட்டோம்."

"அதான்! ஓடுற தண்ணி கெடாதும்மா. மூடி போட்டு நிக்கிற தண்ணிதான் கெடும். கெட்டா அங்கேயே கிடக்காது, வீடு பூரா போகும். வேணாம்னு ஆன பைப்பை அன்னிக்கே அடியோட எடுத்திருக்கணும். எந்த மடையன் அதை இருக்கட்டும்னு..."

சொல்லிக்கொண்டே வார்டுப் பக்கம் திரும்பினான். ஜன்னல் வழியாக மனைவியின் கட்டில் தெரிந்தது. இடது கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. வலது முழங்கையில் ஒரு துணிக்கட்டு.

அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த வார்டிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். முதல் நாள் அவசரப் பிரிவில் அவளுக்கு நரம்பே கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி, ஐந்தாவதாக முழங்கை மடிப்பில்தான் டிரிப்ஸ் ஊசிக்குழாய் ஏறியது. மறுநாள் கையை மடக்கும்போதெல்லாம் டிரிப்ஸ் நின்று நின்று போக, வார்டு சிஸ்டர் இடது கையில் புதிதாக ஒன்று போட்டார். பழையதை எடுக்க வந்தபோது குறுக்கே கையை நீட்டியது யார்? சாட்சாத் இவன்தான். 'இருக்கட்டும் சிஸ்டர், அவளைப் பாடாப் படுத்திட்டாங்க. நாளைக்கே அந்தப் புதுசு நின்னுட்டா மறுபடி குத்தணுமே. அவசரத்துக்கு ஆகும்.' சிஸ்டரும் யோசித்துவிட்டு, எதிலும் மாட்டாமல் இருக்கத் துணியைச் சுற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஷிஃப்ட் மாறியது, ஆள் மாறியது. தாளில் இடது கை ஊசி மட்டும் இருந்தது. 'வலது கை வலிக்குதுங்க' என்று நேற்று அவள் சொன்னதற்கும், குத்திய வலி என்று இவனே வைத்தியம் சொல்லியிருந்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் போங்கள்!

போனைக்கூட வைக்காமல் ஓடினான். வீட்டுக்காரம்மா 'ஹலோ, ஹலோ' என்று அவன் சட்டைப்பைக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தாள்.

"சிஸ்டர்! வலது கை! வலது கையைப் பிரிங்க!"

அன்று துணியைச் சுற்றிய அதே சிஸ்டர்தான் ஆபரேஷன் தியேட்டருக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "என்ன சார், கத்தாதீங்க. டிரிப்ஸ் இடது கையிலதானே ஓடுது?"

"ஓடுறதைப் பத்தி யாரு பேசுறா? ஓடாததைப் பாருங்க!"

சிஸ்டருக்குச் சட்டென்று நினைவு வந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் கையைக் கழுவினார், கிளவுஸ் மாட்டினார், வந்து துணியைப் பிரித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் மனைவி 'அம்மா!' என்று அலறினாள். ஊசியைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. மேலே அக்குள் பக்கமாக நரம்பு கயிறு மாதிரி கெட்டிப்பட்டு ஓடியது. ஊசியை உருவினதும் துளையில் மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் வந்தது.

"கிடைச்சுடுச்சு!" என்று லீக்கு கத்தினான்.

டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். கையைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். "தேவையில்லாத கேனுலாவை அன்னன்னிக்கே எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாரு இதை விட்டது?"

சிஸ்டர் தலை குனிந்தார். பேசாமல் இருந்திருந்தால் லீக்கு தப்பித்திருக்கலாம். அவன் வாய் என்றைக்கு அவன் பேச்சைக் கேட்டது?

"நான்தாங்க. அவங்க எடுக்கத்தான் வந்தாங்க. நான்தான் வேணாம்னு தடுத்தேன். மறுபடி குத்துவாங்களேன்னு..." "ஊருக்கெல்லாம் பைப்பை எடு பைப்பை எடுன்னு சொல்றவன் நான்."

"அவர் சொன்னாலும் நான் கேட்டிருக்கக் கூடாது டாக்டர்," என்றார் சிஸ்டர். "தாள்ல எழுதாம விட்டதும் நான்தான்."

டாக்டரம்மா அதற்குமேல் திட்டவில்லை. இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், மருந்தை மாற்றினார், வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். "தியேட்டரை நாளைக் காலைக்குத் தள்ளி வைக்கிறேன். அதுக்குள்ள காய்ச்சல் இறங்கினா இந்தக் கைதான் காரணம். இறங்கலைன்னா திறந்துதான் ஆகணும்."

ஒரு நாள் கிடைத்துவிட்டது! லீக்குக்கு நிலை கொள்ளவில்லை. சிஸ்டருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் புறப்பட்டுவிட்டார். ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டர் மூடியிருந்தால் பிரித்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒட்டுப் போட்டார். தேதியைத் தாளில் ஏற்றினார். வேலையில்லாமல் கையில் கிடந்த ஊசிகள் மட்டும் நாலு தேறின. எட்டாம் கட்டில்காரரின் மகன், "இருக்கட்டுமே சிஸ்டர், அவசரத்துக்கு..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி!" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து லீக்கு பாய்ந்து வந்தான். "உனக்குப் புண்ணியமாப் போகும். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே!"

சாயங்காலம் நூற்றொன்று. படுக்கப் போகும்போது நூறு. ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரை அவன் முதலில் பார்க்கப் போய், சிஸ்டர் கையைத் தட்டிவிட்டார். காலை ஆறு மணிக்குத் தொண்ணூற்றெட்டரை. அவன் நம்பவில்லை. வேறு தெர்மாமீட்டர் கேட்டான். அதிலும் அதேதான்.

எட்டு மணிக்குத் தியேட்டர் ஆள் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். நேற்று தள்ளிவைத்து எழுதிய தாளில் பேர் இருக்கிறதாம், ஏற்றச் சொன்னார்களாம். லீக்கு கட்டிலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். "என்னை ஏத்திக்கிட்டுப் போய்யா! இவளைத் தொட்டே, கெட்ட கோவம் வரும்!" சத்தம் கேட்டு டாக்டரம்மாவே வந்துவிட்டார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். அது மெத்தென்று இருந்தது. தாளை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

லீக்கு அப்போதுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பார்க்கவே பயமாக இருந்தது. யார் தடுத்து அந்த ஊசி கையிலேயே கிடந்ததோ, எதனால் இரண்டு நாள் காய்ச்சலில் வெந்தாளோ, எல்லாம் நேற்றே காதில் விழுந்திருக்கும்.

"ஏதாவது திட்டேன்," என்றான்.

அவள் யோசித்தாள்.

"திட்டுறேன். மொதல்ல சாப்பிட ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க," என்றாள். "எனக்குப் பசிக்குது."