ஊர்ச் சங்கமும் மூன்று ஸ்கோப்புகளும்

பாலேஸ்வரியின் சாப்பாட்டு மேசையில் அந்த மூன்று துவக்கு ஸ்கோப்புகளும் கிடந்திராவிட்டால் ஊர்ச் சங்கம் இன்றைக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று கனடாவின் மோர்னிங்சைட்டில் பலர் நம்புகிறார்கள். பாலேஸ்வரி அதை ஒப்புக்கொள்வதில்லை. அன்றைக்கு நிர்வாகசபை அவள் வீட்டுக்கு வந்தது, கோடைகால ஒன்றுகூடலுக்கு ஆட்டிறைச்சியா கோழியா என்று முடிவெடுக்க. ஸ்கோப் இல்லாவிட்டால் கோழியில் உடைந்திருப்பார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

பாலேஸ்வரிக்கு மார்க்கம் நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் சம்பளப் பகுதியில் வேலை. ஐம்பது தாண்டியவள். அதிர்ந்து பேசமாட்டாள். துவக்குப் பிடிக்கப்போகிறாள் என்று யாராவது சோதிடம் சொல்லியிருந்தால் அந்தச் சோதிடரிடம் அதற்குப் பிறகு ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஊழியர்கள் ஒற்றுமையாக விளையாடிக் களிக்கவேண்டும் என்று கம்பனி ஒரு நாளை ஒதுக்கியது. மற்றப் பகுதிகள் பந்து உருட்டப் போயின. பக்கத்து மேசை மெலிசாவோ சம்பளப் பகுதிக்கு ஒஷாவாவுக்கு அப்பால் இருந்த துப்பாக்கிச் சுடும் கழகத்தை ஏற்பாடு செய்துவிட்டாள். பாலேஸ்வரி குடையும் புட்டுப் பெட்டியுமாகப் போனாள். தன் முறை வந்தபோது சின்ன ரைஃபிளை வாங்கி, காட்டித் தந்தபடி தோளில் வைத்து, வரிசையாக நின்ற இரும்புத் தட்டுகளைப் பார்த்துச் சுட்டாள். தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லோரும் கைதட்டியபோது, எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள்.

பிறகு அவளால் விடமுடியவில்லை. வகுப்புக்குப் போனாள், அனுமதிப்பத்திரம் எடுத்தாள், சொந்தமாக ஒரு ரைஃபிளும் வாங்கினாள். கணவன் ஸ்ரீதரனுக்கு அது விளங்கவே இல்லை.

"துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த சனம் நாங்கள். நீர் என்னெண்டா அந்தச் சத்தத்தைத் தேடிப் போறீர்."

"அங்க ஆர் சுடுறாங்கள் எண்டு தெரியாமல் ஓடினம். இஞ்ச நான்தானே சுடுறன்," என்றாள் பாலேஸ்வரி.

சங்கம் உடைந்த வருடம் கழகத்தின் கோடைப் போட்டியில் சேரச் சொன்னவன் அன்ட்ரூ. போட்டிகளை நடத்துபவன் அவன்தான். தாடியும் உரத்த குரலுமாக மலைபோல இருப்பான். பழக்கமான கடையொன்றில் மூன்று ஸ்கோப்புகளை இரவல் வாங்கித் தந்து, போட்டிக்கு முன்னர் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னான். மூன்றும் ஒரே சாதி. வளையத்தை ஒரு கோடிக்குத் திருகினால் உள்ளதை உள்ளபடியே காட்டும். அதைத்தான் ஒன்று என்பார்கள். மற்றக் கோடிக்குத் திருகினால் முதலாவது ஆறு மடங்கு பெருக்கும், இரண்டாவது எட்டு மடங்கு, மூன்றாவது பத்து. கிட்டவுள்ள தட்டுகளை ஒன்றில் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி சுடவேண்டும். தூரத்துத் தட்டு வந்தால் திருகிப் பெருக்கவேண்டும். நடுவில் குறுக்குக் கோடும் ஒரு சிவப்புப் பொட்டும் தெரியும்.

ரைஃபிள் பேஸ்மன்டில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. ஸ்கோப்புகளை மட்டும் பாலேஸ்வரி மேலே கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் அரிசிப் பை ஒன்றின்மேல் படுக்கவைத்து, தோட்டத்துக் கோடியிலிருந்த தன் கொட்டகைக் கதவைப் பார்த்தாள். அந்தக் கதவில் கோயில் கலண்டரை ஒட்டியிருந்தாள். எதில் பார்த்தால் ராகுகாலம் நன்றாக வாசிக்கலாம் என்பதுதான் சோதனை.

அந்த நேரத்தில்தான் நிர்வாகசபை வந்தது. முன்னால் தலைவர் நீக்கிலாப்பிள்ளை, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பின்னால் செயலாளர் பேபி அக்கா, வீடு விற்கிறவர். அவருடைய உண்மைப் பெயரை அறிந்தவர்கள் ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. பொருளாளர் ஸ்ரீதரன்தான், அதனால்தான் கூட்டம் அந்த வீட்டில்.

"உது என்ன பிள்ளை, பிரஷர் பாக்கிற சாமானோ?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"ஸ்கோப் அண்ணை. துவக்கில பூட்டுறது. எது நல்லது எண்டு பாக்கிறன்."

எது நல்லது என்று யாராவது கேட்டால் சும்மா போகிற பழக்கம் நீக்கிலாப்பிள்ளைக்கு இல்லை. நடுவில் கிடந்த எட்டு மடங்கு ஸ்கோப்புக்குக் குனிந்து கண்ணை வைத்தார். "என்ர மாதாவே! செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூண்டு மணிக்குத் துவங்குது!" பிறந்ததிலிருந்து ராகுகாலம் பார்த்திராத மனிதர், ஒரு கிழமைக்குமான ராகுகாலத்தையும் உரத்து வாசித்தார்.

பேபி பத்தில் பார்த்தார். "இதில கலண்டரில மொய்க்கிற இலையானின்ர காலும் தெரியுது."

நீக்கிலாப்பிள்ளை பத்தையும் பார்த்தார். "கண்ணைக் கொஞ்சம் அசைச்சா இருட்டிப்போகுது."

"அது ஸ்கோப்பின்ர பிழை இல்லை அண்ணை. உங்கட தலை ஆடுது."

இதைப் பேபி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் தலைவர் தேர்தலிலிருந்து அந்தத் தலையைப் பற்றிச் சங்கத்துக்குள் பல கதைகள் இருந்தன. நீக்கிலாப்பிள்ளையின் முகம் கறுத்தது. வளையத்தைத் திருகிப் பார்த்தவர் இன்னொரு குற்றத்தையும் கண்டுபிடித்தார். பத்தில், காட்சி பெரிதாகும்போது குறுக்குக் கோடும் சேர்ந்து பெரிதானது. எட்டில் கோடு அப்படியே நின்றது.

"கோடு எண்டா ஒரு கட்டுப்பாடு வேணும். திருகத் திருக வளருறது கோடோ?"

"உலகம் வளரேக்க தான் மட்டும் நிண்ட இடத்திலயே நிக்கிறது உங்கட நிர்வாகம் மாதிரி," என்றார் பேபி.

"ஆறும் ஒண்டு கிடக்கு அண்ணை," என்றாள் பாலேஸ்வரி, சமாதானமாக. ஆறை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. ஆட்டிறைச்சியைப் பற்றியோ கோழியைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசாமல், தலைவர் முன்வாசலாலும் செயலாளர் கராஜ் வழியாலும் வெளியேறினார்கள்.

அடுத்த கிழமையே எட்டு அணி என்றும் பத்து அணி என்றும் இரண்டு வட்சப் குழுக்கள் தோன்றின. எட்டு அணி 'வளரும் கோட்டை நிராகரிப்போம்' என்று ஓர் அறிக்கை விட்டது. பத்து அணி ஆதரவாளர் ஒருவர் தமிழ் வானொலியில் அரைமணி நேரம் பேசினார். ஸ்கோப் என்ற சொல்லை அவர் அன்றுதான் முதன்முதலாக உச்சரித்தார் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது. நிச்சயமாகியிருந்த ஒரு கலியாணம், மாப்பிள்ளை வீட்டார் எட்டு, பொம்பிளை வீட்டார் பத்து என்பது தெரியவந்ததும் ஆட்டம் கண்டது. சனி ஞாயிறுகளில் பாலேஸ்வரி வீட்டுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று ராகுகாலம் பார்த்துவிட்டுப் போனார்கள். பல் வைத்தியர் அவளை வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு கருவிகளை உள்ளே வைத்துவிட்டு, "நீங்கள் எட்டோ, பத்தோ?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலை அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் ரைஃபிளைத் தொட்டவர் இல்லை.

பாலேஸ்வரி மட்டும் கழகத்துக்குப் போய், மூன்றையும் மாறிமாறிப் பூட்டிச் சுட்டுப் பார்த்தாள். பத்து பாரம், கன்னம் சற்று விலகினாலும் இருட்டியது, ஒன்றில் வைத்தால் ஓரங்கள் மீன்தொட்டிக்குள் பார்ப்பதுபோல வளைந்தன. எட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை, நிறை சொல்லவும் எதுவும் இல்லை. ஆறைப் பூட்டி மூன்றாம் தரம் தோளுக்கு எடுத்தபோது, கண்ணுக்கு முன்னால் ஒரு குழாய் இருப்பதையே மறந்துவிட்டாள். தட்டு இருந்தது, அதன்மேல் சிவப்புப் பொட்டு இருந்தது, வேறொன்றும் இல்லை. அந்த நேரங்களில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. அவளுக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதுதான்.

ஸ்ரீதரன் இரண்டு அணிக்கும் நடுவில் கிடந்து இளைத்துப்போனான். ஒரு நாள் அவள் சமைக்கும்போது குசினிக்குள் வந்து கெஞ்சினான். "எதையாவது ஒண்டைச் சொல்லித் துலையுமன். சனம் என்னைத் தின்னுது."

"ஆறு," என்றாள் பாலேஸ்வரி.

ஸ்ரீதரன் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினான். "மெல்லச் சொல்லும்!"

யன்னல் சாத்தியும் பயன் இல்லை. மறுநாள் காலையிலேயே நீக்கிலாப்பிள்ளையின் தொலைபேசி அழைப்பு வந்தது. "பிள்ளை, உண்மையைச் சொல்லும். உமக்குப் பின்னால ஆர் நிக்கினம்?"

பாலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையோடு ஸ்ரீதரன் நின்றான். "இவர்தான் அண்ணை," என்றாள். அன்று பின்னேரம், இரண்டு அணிகளிலும் கோபித்துக்கொண்டவர்கள் சேர்ந்து ஆறு அணியைத் தொடங்கினார்கள். அங்குரார்ப்பணக் கூட்டத்துக்குப் பாலேஸ்வரிக்கு அழைப்பு இல்லை.

போட்டியன்று ஒஷாவா கழகத்தின் வாசலில் மூன்று மஞ்சள் பஸ்கள் வந்து நின்றன. அன்ட்ரூவின் போட்டிகளைப் பார்க்க வழக்கமாக வருவது சுடுகிறவர்களின் மனைவிமாரும் ஒரு நாயும். இப்போது பதாகைகளும் சோற்றுப் பொதிகளும் சாய்மனைக் கதிரைகளுமாகச் சனம் இறங்கிக்கொண்டே இருந்தது.

"எல்லோரும் உன் குடும்பமா?" என்று அன்ட்ரூ ஆங்கிலத்தில் கேட்டான்.

"சங்கம்," என்றாள் பாலேஸ்வரி. அதை ஒரு நோயின் பெயர் என்று நினைத்தானோ என்னவோ, பரிவோடு தோளைத் தட்டினான்.

ஆனால் விதி விதிதான். வந்த அத்தனை பேரையும் புல்லில் இருத்திப் பாதுகாப்பு விளக்கம் கொடுத்தான். எல்லோர் கண்ணுக்கும் கண்ணாடி, காதுக்குள் செம்மஞ்சள் அடைப்பான். சேலை கட்டிய பேபி அடைப்பான்களோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. அதனால் சண்டையே இல்லை. பக்கத்துப் பண்ணையில் மாடு கத்தியதுகூடக் கேட்டது, காது அடைக்காத மாட்டுக்காரனுக்கு.

பாலேஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முன்னால் போனாள். மணி அடித்ததும் ஆறு பூட்டிய ரைஃபிள் தானாகத் தோளுக்கு வந்தது. கிட்டத்துத் தட்டுகள் விழுந்தன. நகர்ந்தாள், அடுத்த வரிசை விழுந்தது. தூரத்துத் தட்டுகள் சின்னப் பொத்தான்கள்போலத் தெரிந்தன. இன்றைக்கு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே பொட்டை வைத்தாள். இரண்டு தவறின, மற்றவை விழுந்தன. முடிந்ததும் பின்னால் மூன்று பஸ் சனமும் எழுந்து நின்று கையை ஆட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோசம்தான்.

ரைஃபிளைச் சோதித்துப் பார்த்த அன்ட்ரூ ஸ்கோப்பைக் கவனித்தான், வாய்விட்டுச் சிரித்தான், ஒலிபெருக்கியை எடுத்தான். தூரத்துத் தட்டுகளையும் இந்தப் பெண் பெருக்காமல் ஒன்றிலேயே வைத்துச் சுட்டிருக்கிறாள் என்று பெருமையாக அறிவித்தான். சனம் அடைப்பான்களைக் கழற்றியிருந்த நேரம் அது.

நீக்கிலாப்பிள்ளை வந்தார், பேபி வந்தார், ஆறு அணியின் தலைவரும் வந்தார்.

"ஆறில சுடேல்லையோ?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"இல்லை அண்ணை. பதட்டத்தில திருக மறந்துபோனன்."

"எட்டிலயும் இல்லை, பத்திலயும் இல்லை?" என்றார் பேபி.

"ஒண்டில வைச்சா மூண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் அக்கா," என்றாள் பாலேஸ்வரி.

சொல்லியிருக்கக் கூடாது. மூன்று தலைவர்களும் ஒரு மேப்பிள் மரத்தடிக்குப் போனார்கள். மாதக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் அங்கே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கதைத்தார்கள். திரும்பி வந்து, சங்கத்தின் ஒற்றுமையைக் குலைத்த குற்றத்துக்காகப் பாலேஸ்வரியின் அங்கத்துவத்தை இடைநிறுத்துவதாகப் புல்வெளியிலேயே பிரேரணை கொண்டுவந்தார்கள். ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கட்டித் தழுவினார்கள். சோற்றுப் பொதிகள் அணி வேறுபாடு இல்லாமல் பகிரப்பட்டன, கோழிதான். அன்ட்ரூவுக்கும் ஒன்று கிடைத்தது. பாலேஸ்வரிக்குக் கிடைக்கவில்லை. போட்டியில் நடுவுக்குச் சற்று மேலே வந்திருந்தாள். பார்க்க வந்திருந்த மெலிசா கொண்டுவந்த சான்ட்விச்சில் பாதியைத் தின்றாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஸ்ரீதரன் காரை மெதுவாக ஓட்டினான்.

"பிரேரணையை வழிமொழிஞ்சது ஆர்?" என்று கேட்டாள்.

ஸ்ரீதரன் கண்ணாடியில் பின்னால் வந்த காரைப் பார்த்தான். "பழக்கதோசத்தில கை தன்ர பாட்டில உயர்ந்திட்டுது," என்றான்.

பாலேஸ்வரி அவனைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பயந்துபோயிருந்த ஸ்ரீதரனும் கடைசியில் சிரித்தான். அடுத்த கிழமை அவள் ஆறை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள். வீட்டு வாசலில் ஒரு சப்பாத்தும் இல்லை. தொலைபேசி அடிக்கவில்லை. இப்படி ஒரு கோடையை அவள் கனடாவில் கண்டதில்லை.

சங்கத்தவர்களுக்கு அந்தக் கழகம் நன்றாகப் பிடித்துவிட்டது. நல்ல புல், நல்ல கதிரைகள், ஒலிபெருக்கி. அனுமதிப்பத்திரம் எடுக்காவிட்டாலும் துணை அங்கத்தவராகச் சேரலாம், வாக்கும் போடலாம் என்று கழகத்தின் விதிகளை எழுதிய யாப்பைப் பேபி படித்துக் கண்டுபிடித்தார். பனி மாரிக்குள் கழக அங்கத்தவர் ஐந்து பேரில் மூவர் சங்கத்து ஆட்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீக்கிலாப்பிள்ளை, யாப்பை மாற்றுவேன் என்ற வாக்குறுதியோடு, தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார்.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை அன்ட்ரூ பாலேஸ்வரியின் வீட்டுக்கு வந்தான். தாடி கலைந்திருந்தது. கழகம் இரண்டாகிவிட்டது, பழைய யாப்புக்காரர் வேறு, புதிய யாப்புக்காரர் வேறு, தன் சொந்தத் தம்பியே தன்னோடு பேசுவதில்லை என்று சொல்லிச் சாப்பாட்டு மேசையில் சாய்ந்துகொண்டான். பாலேஸ்வரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து, சீனி எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும்," என்றான் அன்ட்ரூ. "நீ எந்தப் பக்கம்? முதலில் அதைச் சொல்லு."