வெடிக்காத துப்பாக்கியின் அசல் எண்

1

இந்தக் கதை எனக்கு பெயின்ட் கடையில் கிடைத்தது. வீட்டுக் கதவுக்குப் பச்சை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், "ராணுவத்துல துப்பாக்கிக் கட்டையில நம்பர் போடுவாங்களே, அந்த வெள்ளை வேணும்" என்றார். கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். "பயப்படாதீங்க. துப்பாக்கி போலி. நம்பர் மட்டும் அசலா இருக்கணும்."

ஊதிப் பெருத்ததைக் கண்டால் ஊசியைத் தேடும் கை என்னுடையது. பலூன் தானாக வந்து மடியில் உட்கார்ந்தால் விடுவேனா? பாதிக் கதவுக்கு மேல் பூசாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். மனைவி அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் கவலையாக இருக்கிறது.

2

முதல் வரி வர மறுத்தது.

'போர் மனிதகுலத்தின் நெஞ்சில் ஆறாத—' வேண்டாம். இதில் போரே இல்லை.

'மரமாக இருந்தபோது அந்தக் கட்டை கனவு கண்டிருக்குமா, தான் ஒருநாள்—' கண்டிருக்காது. அது பழைய கட்டிலின் கால்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கடையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பெயின்டர். கடைப் பலகை, வண்டி நம்பர், 'இங்கே குப்பை கொட்டாதீர்' எல்லாம் எழுதுகிறவர். அவருடைய அக்காவின் கணவரைத் தெருவே 'கர்னல்' என்று கூப்பிடும். ராணுவத்தில் இருந்தவர்தான். அங்கே என்ன வேலை என்று கேட்டால் மீசையைத் தடவுவார். மீதியை மீசை பார்த்துக்கொள்ளும்.

தான் தூக்கிய துப்பாக்கி மாதிரியே ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துவைத்திருந்தார் கர்னல். குழல், தண்ணீர்க் குழாய். ஞாயிற்றுக்கிழமை பழைய ராணுவ நண்பர் வருகிறார். அதற்குள் கட்டையில் நம்பர் ஏறி, கூடத்துச் சுவரில் துப்பாக்கி ஏற வேண்டும்.

3

பெயின்டர்மேல் எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் மனிதர் பசும்பாலாக இருந்தார். அப்படி ஒரு மைத்துனரை நான் கண்டதில்லை. ஆகையால் திருத்துகிறேன். "பிரஷ்ஷைத் துப்பாக்கி மாதிரி பிடி மாப்ள, கை நடுங்காது" என்று அத்தானிடம் வருஷக்கணக்காகப் பாடம் கேட்டவர் அவர். வரப்போகும் நண்பர் அத்தானின் குட்டை உடைக்க மாட்டாரா என்று உள்ளுக்குள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"உங்க அத்தான் ஒரு குண்டு சுட்டதில்லடா. ஸ்டோர்ல இருந்தாரு."

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுலயே தெரியும். எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாம பார்த்துக்கிட்டு இருக்கேன். அதான் பெரிய வேலை."

"வர்றவரு உளறிட்டா?"

"அப்புறம் அந்த மனுஷன் இந்த வீட்டுல எப்படி நிமிர்ந்து நடப்பாரு? நீ பக்கத்துலயே இரு. பேச்சு அந்தப் பக்கம் போனா தடுத்து வேற எதையாவது பேசு."

"என்னத்தைப் பேச?"

"வாய்க்கு வந்ததைப் பேசு. நீ வழக்கமா அதானே பேசுவ."

(இந்த இடத்தில் அக்காவின் கண்களைப் பற்றி இரண்டு வரி எழுதி, அடித்துவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசகர் குழம்பிவிடுவார்.)

4

பெயின்டர் எழுதினார்: 417. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் மெல்லிய நிழல், 7-க்கு ஒரு சுழிப்பு.

கர்னல் தள்ளி நின்று பார்த்தார். "என்ன மாப்ள, ஸ்வீட் கடை போர்டா? ராணுவத்துல எவன் நிழல் கொடுப்பான்? அசிங்கமா இருக்கணும். அதான் அசல்."

அசிங்கமாக எழுதுவது அவ்வளவு லேசில்லை.* பெயின்டர் இடது கையால் எழுதிப் பார்த்தார். கழுதை, அதுவும் அழகாகவே எழுதியது. கடைசியில் தகரத்தில் இலக்கங்களை வெட்டிக் கட்டைமேல் வைத்து, வேண்டுமென்றே அதிகமாக பெயின்டை அப்பினார். ஓரமெல்லாம் கசிந்து வழிந்தது. "இதான்" என்று கர்னல் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் வந்து, "417 இல்ல மாப்ள. 263" என்றார்.

"சுரண்டிடவா?"

"சுரண்டக் கூடாது. ராணுவத்துல அழிக்க மாட்டாங்க. குறுக்க ஒரு கோடு இழுத்து, கீழ புது நம்பர் போடுவாங்க."

கோடு இழுத்து, 263. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் வந்தார். முகத்தில் வியர்வை. "263-ம் வேண்டாம். 508."

"அத்தான், கல்யாண நாளாவது ஞாபகம் இருக்கா?"

"அது உங்க அக்கா டிபார்ட்மென்ட்."

ஆக, கட்டையில் மூன்று எண்கள், அதில் இரண்டு அடிபட்டவை. இருபது பேர் கை மாறிய துப்பாக்கி மாதிரியே இருந்தது.

* எனக்கு இது அனுபவம். அசிங்கமாக எழுத வேண்டும் என்று நினைத்தால் வராது. அழகாக எழுத வேண்டும் என்று நினைத்தால் தானாக வரும்.

5

நண்பர் வந்தார். ஒல்லி, சத்தமில்லாத ஆள். தேநீரைக் கையில் வாங்கியவர் சுவரைப் பார்த்ததும் எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியை நெருங்கினார். கர்னலுக்குத் திடீரென்று மின்விசிறியின் வேகம் முக்கியமாகிவிட்டது. சுவிட்ச் பக்கம் போய் நின்றுகொண்டார். வாய்க்கு வந்ததைப் பேசவேண்டிய பெயின்டருக்கு வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

நண்பர் அடிபட்ட முதல் எண்ணைத் தடவினார். பெயின்டருக்கு மட்டும் கேட்கிற குரலில், "417. இது குண்டனோடது. எண்ணெய் போட்டுத் துடைக்கவே மாட்டான்" என்றார். விரல் இறங்கியது. "263, குறட்டை மன்னன்." அடுத்த எண்ணில் விரல் நின்றது.

"508. இது என்னோடது."

பெயின்டர் சுவிட்ச் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தினம் காலையில ஸ்டோர் ஜன்னல் வழியா இவன்தான் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பான். எங்க நம்பர் எங்களுக்கே மறந்துபோகும். இவன் மூஞ்சியைப் பார்த்தே சரியா எடுப்பான். ஒருநாள்கூடத் தப்பினதில்ல."

பெயின்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தான் மறந்துபோய் மாற்றவில்லை. குண்டனின் எண்ணைச் சொன்னார், நண்பர் கண்டுபிடிப்பாரே என்று அடித்தார். குறட்டைக்கு ஓடினார், அதையும் அடித்தார். பதற்றத்தில் புலிக்குப் பயந்து புலியின் மேலேயே போய் விழுந்துவிட்டார். சும்மா ஒரு பொய் எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆள் இல்லாத எண் ஒன்றுகூட அந்தத் தலையில் இல்லை.

சமையலறை வாசலில் அக்கா வந்து நின்றாள். தடுக்கத்தான் வந்தாள், ஆனால் வாய் வேறு எதையோ கேட்டுவிட்டது.

"என்னண்ணே, அவரோட நம்பர் சரியா இருக்கா?"

நண்பர் திரும்பி கர்னலைப் பார்த்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது.

6

இந்த இடத்துக்காகத்தான் ஊசியைத் தீட்டி வைத்திருந்தேன். இப்போது குத்த வரவில்லை. எழுதிய முடிவுகள் இவை:

'"எல்லாம் சரியா இருக்கு தங்கச்சி" என்றார் நண்பர். கர்னலின் மீசை—' அடித்தேன். இனிப்பு திகட்டுகிறது.

'"இவன் எங்கம்மா துப்பாக்கி தூக்கினான்" என்று நண்பர் சிரிக்க—' அடித்தேன். முதலில் நினைத்தது இதுதான். எழுதி முடித்ததும் என் மீசையிலிருந்தே காற்று இறங்கியது.

'கர்னல் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, "என்னோட நம்பர்னு ஒண்ணு—"' இதையும் அடித்தேன். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் தோன்றியது. ஆனால் அதை அவர் வாயால் சொல்லவைக்க எனக்கு என்ன உரிமை?

கதவு பாதிப் பச்சையில் நிற்கிறது, நான் போக வேண்டும். நான் அடித்த முடிவுகளைச் சுரண்டாதீர்கள். ராணுவத்தில் அழிக்க மாட்டார்கள், கோடு இழுத்துக் கீழே எழுதுவார்கள். உங்கள் முடிவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

நிழல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.